மாதிரித் தட்டில் ஒரு புது அரிசி

வேலூர்,
ஞாயிறு இரவு

அன்புள்ள பாலு,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. முழங்கால் வலி குறைந்து மாடிப்படி ஏறுகிறாய் என்று படித்ததும்தான் எனக்கு நிம்மதி. இங்கே எல்லோரும் சௌக்கியம். பெரியவளுக்கு ராணிப்பேட்டையில் வேலை கிடைத்திருக்கிறது. காலை ஏழரைக்கே பஸ் பிடிக்க ஓடுகிறாள். வெயிலைப் பற்றி உனக்குச் சொல்லவேண்டியதில்லை. பத்து மணிக்கு மேல் மண்டித் தெருவில் நிற்க முடியவில்லை.

நேற்று நம்ம கோஷ்டியோடு சுஷி என்கிற ஜப்பான் சாப்பாடு சாப்பிடப் போயிருந்தேன். காட்பாடிப் பக்கம் ஒரு சின்னக் கடை. நாகோயாவில் ஆறு வருஷம் வேலை பார்த்துவிட்டு வந்தானே நம்ம ஜப்பான்காரன், அவன்தான் கூப்பிட்டுக்கொண்டு போனான். எனக்கு இது இரண்டாவது தடவை. முதல் தடவை சென்னையில் யாரோ தட்டில் வைத்ததை அவசரமாகச் சாப்பிட்டு எழுந்துவிட்டேன். இந்த முறை சமைக்கிற தம்பிக்கு எதிரிலேயே உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

சுஷி என்றால் பச்சை மீன் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். இல்லையாம். வினிகர், சர்க்கரை, உப்பு கலந்த சோறுதான் சுஷி. மேலே மீன் வைக்கலாம், வெந்த இறால் வைக்கலாம், முட்டை வைக்கலாம். சோறே இல்லாமல் பச்சை மீனை மட்டும் நறுக்கி வைத்தால் அதற்குப் பேர் சஷிமி. அப்படியென்றால் இது நம்ம அரிசி மண்டித் தொழில் சமாச்சாரம் அல்லவா பாலு! அதற்கப்புறம் மீனை நான் பார்க்கவே இல்லை, அரிசியைத்தான் பார்த்தேன்.

குட்டையான, உருண்டை அரிசி. சுடுசோற்றில் வினிகரைத் தெளித்து, தட்டையான மரக்கரண்டியால் வெட்டுகிற மாதிரி கலக்கிறான் அந்தத் தம்பி. பிசைந்தால் பருக்கை உடைந்துவிடும் என்றான். பக்கத்தில் இன்னொரு பையன் விசிறிக்கொண்டே இருக்கிறான். அப்புறம் கையை நனைத்து, ஒரு கொழுக்கட்டை அளவு சோற்றை எடுத்து இரண்டு மூன்று அழுத்துதான். நான் ஒன்றைப் பிட்டுப் பார்த்தேன். ஒட்டிக்கொண்டிருக்கிறது, ஆனால் ஒரு பருக்கை கூட நசுங்கவில்லை. வாயில் போட்டதும் தானாகப் பிரிகிறது.

சோறு ஒட்டுகிறது என்று ஒரு ஓட்டல்காரர் சொன்னால் நம்ம மண்டிக்கு மூட்டை திரும்பி வந்துவிடும். ஆரணிப் பொன்னியைப் பழசாக்கி விற்பதே சோறு உதிரி உதிரியாக விழவேண்டும் என்றுதானே? அரிசியில் அமைலோஸ் என்கிற மாவுச்சத்து கூடினால் உதிரும், குறைந்தால் ஒட்டும். நாம் குற்றம் என்று தள்ளுகிற குணத்தை அங்கே தேடிப்பிடித்து வளர்த்திருக்கிறார்கள். முப்பது வருஷம் அரிசியைக் கையில் தேய்த்துப் பார்த்தவனுக்கு இது இப்போதுதான் தெரிகிறது. ராத்திரி தூக்கமே வரவில்லை.

இதன் பழைய கதையையும் ஜப்பான்காரன் சொன்னான். ஆதியில் மீன் கெடாமல் இருக்க உப்புப் போட்டு, சோற்றுக்குள் புதைத்து மாசக்கணக்கில் வைப்பார்களாம். சோறு புளித்து மீனைக் காப்பாற்றும். மீனைத் தின்றுவிட்டு அந்தச் சோற்றை எறிந்துவிடுவார்கள். பிவா ஏரிப் பக்கம் இன்றைக்கும் அந்த மாதிரி ஒன்று செய்கிறார்களாம். பின்னால், அவ்வளவு நாள் காத்திருக்காமல் வினிகரால் புளிப்பு ஏற்றினார்கள். கையில் பிடித்துக் கொடுக்கிற இந்த வகை, இப்போது டோக்கியோ என்கிற எடோ நகரில் 1820-களில் பரவியது. நம்ம பழைய சோற்றின் புளிப்பு எனக்கு உடனே ஞாபகம் வந்தது. உங்கள் அம்மா ஊற்றிக் கொடுப்பார்களே, மோர் மிளகாயோடு.

கையால் எடுத்துச் சாப்பிடலாம், அது மரியாதைக் குறைவு இல்லையாம். சோயா சாஸில் மீன் பக்கத்தைத்தான் தொடவேண்டும். சோற்றைத் தொட்டால் ஊறி உதிர்ந்துவிடும். பச்சையாக வசாபி என்று வைக்கிறார்களே, அந்தக் காரம் நாக்கில் இல்லை, நேராக மூக்குக்கு ஏறுகிறது. ஆவக்காயில் கடுகுப் பொடி தூக்கலாகிவிட்டால் வருமே, அதே காரம். இஞ்சி ஊறுகாயை நடுநடுவே ஒரு துண்டு மெல்லவேண்டும், அடுத்த மீனின் ருசி தனியாகத் தெரிய.

எல்லாமே பிரமாதம் என்று சொல்லமாட்டேன். கடற்பாசித் தாளில் சுருட்டியது முன்கூட்டியே செய்து வைத்ததுபோல, தாள் சவசவ என்று இருந்தது. அது மொறுமொறுப்பாக இருக்கவேண்டும் என்றான் ஜப்பான்காரன். நம்ம சைவக்காரர் வெள்ளரிக்காய் வைத்த சுருட்டலை இரண்டு தட்டு வாங்கினார், அவருக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது.

கிளம்பும்போது அந்தத் தம்பியிடம் ஒரு பிடி அரிசி கேட்டேன். காகிதத்தில் மடித்துக் கொடுத்தான். இன்று காலை கடையில் மாதிரித் தட்டில், பொன்னிக்கும் சீரகச் சம்பாவுக்கும் பக்கத்தில் கொட்டி வைத்திருக்கிறேன். வருகிறவர்கள் எல்லாம் தொட்டுப் பார்த்து, இது என்ன ரகம் என்று கேட்கிறார்கள். ஆடிக் கிருத்திகைக்கு ரத்தினகிரி வருவாய் அல்லவா, ஒரு நாள் கூடத் தங்குகிற மாதிரி வா. அரிசியை முதலில் காட்டுகிறேன், சாயங்காலம் அந்தக் கடைக்குப் போகலாம்.

அன்புடன்,
உன் மண்டிக்காரன்