ஸ்கீன்ஸ் இருக்கும்போதே நல்ல பேட்டர்களைக் கொண்டுவாருங்கள்

பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியின் உரிமையாளர் திரு. பாப் நட்டிங் அவர்களுக்கும், பொது மேலாளர் திரு. பென் செரிங்டன் அவர்களுக்கும்,

வணக்கம். பத்தொன்பது வருடமாக இந்த ஊரில் இருக்கிறேன். வந்த முதல் கோடையில் யாரோ கொடுத்த இலவச டிக்கெட்டில் நம் அணியின் மைதானமான பி.என்.சி. பார்க்குக்குள் நுழைந்தவன், அதற்குப் பிறகு வேறு எந்த அணியையும் என் அணி என்று சொன்னதில்லை. இதை ஆங்கிலத்திலும் எழுதி உங்கள் அலுவலகத்துக்கு அனுப்புகிறேன். ஆனால் மனசில் இருப்பது முதலில் தமிழில்தான் வருகிறது. கிரிக்கெட் பார்த்து வளர்ந்து, இங்கே வந்து பேஸ்பாலில் விழுந்த என்னைப் போன்றவர்களும் படிக்கட்டும் என்று அதை இங்கே போடுகிறேன்.

இந்த மாதம், 2025 நவம்பரில், நம் வீச்சாளர் பால் ஸ்கீன்ஸுக்கு லீகின் சிறந்த வீச்சாளருக்கான சை யங் விருது கிடைத்தது. வாக்களித்தவர்களில் ஒருவர் விடாமல் முதல் இடத்தில் அவர் பெயரையே எழுதியிருந்தார்கள். வீட்டில் எல்லோரும் கைதட்டினோம். பதினொரு வயது மகன் 30 எண் போட்ட சட்டையை இரண்டு நாள் கழற்றவில்லை. அந்த சந்தோஷம் அடங்கிய பிறகு அவருடைய கணக்கை மறுபடி பார்த்தேன். 32 ஆட்டம், 216 ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் பேட்டரை அவுட் ஆக்குவது), ரன் சராசரியான ஈ.ஆர்.ஏ. 1.97. ஒன்பது இன்னிங்ஸுக்கு இரண்டு ரன்கூட விட்டுக்கொடுக்காத வீச்சு. அதன் பக்கத்திலேயே அவர் பெயரில் வெற்றி 10, தோல்வி 10 என்று இருக்கிறது.

அந்த இரண்டாவது பத்தைப் பற்றித்தான் இந்த மடல்.

மே 18-ஆம் தேதி ஆட்டம் உங்களுக்கும் நினைவிருக்கும். ஃபிலடெல்ஃபியாவில் ஸ்கீன்ஸ் எட்டு இன்னிங்ஸையும் தனியாளாக வீசி முடித்தார் (எதிரணி முன்னிலையில் இருந்ததால் ஒன்பதாவதில் வீசத் தேவைப்படவில்லை). அவருடைய வாழ்க்கையில் முதல் முழு ஆட்டம் அது. கொடுத்தது ஒரே ஒரு ரன். நாம் தோற்றோம், 1-0. தொலைக்காட்சியில் அவர் முகத்தைக் காட்டினார்கள். கோபமோ புலம்பலோ எதுவும் இல்லை. 22 வயதுப் பையன் அவ்வளவு அமைதியாக இருந்ததைப் பார்க்க எனக்குத்தான் தாங்கவில்லை. நல்ல வீரன் தோல்விக்குப் பழகிப்போகும் முகம் எப்படி இருக்கும் என்பது இந்த ஊருக்குத் தெரியும். ஏற்கெனவே பார்த்திருக்கிறோம்.

2018 ஜனவரியில் இரண்டு நாள் இடைவெளியில் வீச்சாளர் கெரிட் கோலையும் பேட்டர் ஆண்ட்ரூ மெக்கட்சனையும் வேறு அணிகளுக்கு அனுப்பிவிட்டோம். கோல் ஹூஸ்டனுக்குப் போய் 2019-ல் ஒரே சீசனில் 326 பேரை ஸ்ட்ரைக் அவுட் ஆக்கினார். திரு. செரிங்டன், அப்போது நீங்கள் இங்கே பொறுப்பில் இல்லை, அந்தப் பழி உங்களுடையது அல்ல. ஆனால் புது வீரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் டிராஃப்டில் ஸ்கீன்ஸை முதல் ஆளாக எடுத்தவர் நீங்கள். 2029 சீசன் வரைக்கும் அவர் நம் கையில். அதற்குப் பிறகு எந்த அணி கூப்பிட்டாலும் போகலாம். அப்படியென்றால் மீதி இருப்பது நான்கே சீசன்.

வீச்சில் குறை சொல்ல ஒன்றுமில்லை, அதை மனசாரச் சொல்கிறேன். ஆகஸ்டில் பப்பா சாண்ட்லர் முதன்முதலாக வந்து கடைசி நான்கு இன்னிங்ஸை ரன் கொடுக்காமல் முடித்தபோது அரங்கமே எழுந்து நின்றது. மிட்ச் கெல்லர் ஒவ்வொரு வருடமும் தன் முறைக்குத் தவறாமல் வந்து வீசுகிறார். பிராக்ஸ்டன் ஆஷ்கிராஃப்ட் இனிமேல்தான் முழுதாகத் தெரியப்போகிறார். முழங்கையில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஜாரெட் ஜோன்ஸும் திரும்பி வந்துவிட்டால், இந்த ஐந்து பேரைப் பார்த்துப் பொறாமைப்படாத அணி இருக்காது. இவர்களைத் தேர்ந்தெடுத்துப் பதம் பார்த்து வளர்த்தது உங்கள் ஆட்கள்தான். நன்றி.

பேட்டிங் பக்கம் வந்தால் பேச்சு நின்றுவிடுகிறது. 2025-ல் மொத்தம் 583 ரன், 117 ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி, சுவரைத் தாண்டும் அடி). 30 அணிகளில் இரண்டிலுமே நாம்தான் கடைசி. 71 வெற்றி, 91 தோல்வி. மே மாதத்தில் மேனேஜர் டெரெக் ஷெல்டனை மாற்றி டான் கெல்லியைக் கொண்டுவந்தீர்கள். கெல்லி இதே ஊர்க்காரர், வீரர்கள் அவருக்காக உயிரைக் கொடுத்து ஆடுகிறார்கள். ஆனால் மேனேஜர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் ஒன்பது பேரின் பெயரைத்தானே பட்டியலில் எழுத முடியும். அந்த ஒன்பது பேர் யார் என்பது உங்கள் கையில் இருக்கிறது.

நம் பேட்டர் ஓனீல் குரூஸை எடுத்துக்கொள்ளுங்கள். மே மாதம் அவர் அடித்த ஒரு ஹோம் ரன் மணிக்கு 122.9 மைல் வேகத்தில் பேட்டை விட்டுப் போனது. எல்லாப் பந்தையும் அளக்கத் தொடங்கிய 2015-லிருந்து அவ்வளவு வேகமாக யாரும் அடித்ததில்லை. அதே குரூஸின் சராசரி சீசன் முடிவில் 0.200, அதாவது பத்து வாய்ப்பில் இரண்டே ஹிட். இடதுகை வீச்சாளர் வந்தாலே தடுமாறிப்போகிறார். அவரைக் கைவிடச் சொல்லவில்லை. 20 ஹோம் ரனும் 38 ஸ்டீலும் (வீச்சாளர் அசரும்போது அடுத்த பேஸுக்கு ஓடிச் சேர்வது) தெருவில் கிடப்பதில்லை. அவருக்கு முன்னும் பின்னும் நம்பிக்கையான ஒரு பேட்டர் இருந்தால், எதிரணி அவருக்கு நல்ல பந்து போட்டுத்தான் ஆக வேண்டும். இப்போது அந்தக் கட்டாயமே அவர்களுக்கு இல்லை. பிரையன் ரெனால்ட்ஸ் எட்டு வருடம் இங்கேயே இருக்கிறேன் என்று கையெழுத்துப் போட்டவர், அவருக்கும் இந்த வருடம் சரியாக அமையவில்லை. தனி ஆளாக எத்தனை நாள் சுமப்பார்?

நம் மைதானத்தைப் பற்றியும் கொஞ்சம். இடது நடுப்பக்கம் சுவர் 410 அடி தூரத்தில் இருக்கிறது. வலதுகை பேட்டர் நன்றாகத் தூக்கி அடித்த பந்து அந்த மூலையில் போய் ஃபீல்டரின் கையில் அடங்குவதை எத்தனை தடவை பார்த்திருப்போம்! வலது பக்கக் கோடு 320 அடிதான். சுவர் உயரம், ஆனால் அதைத் தாண்டினால் அலெகெனி ஆறு. இடதுகை பேட்டர் ஓங்கி அடித்தால் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் போகும், அவருக்கென்றே கட்டிவைத்த இடம் இது. ஆகவே இந்தக் குளிர்காலத்தில் என் வேண்டுகோள் ஒன்றுதான்: பந்தைத் தூக்கி அடிக்கத் தெரிந்த இடதுகை பேட்டர்கள் இரண்டு பேர். ஒரு வருட ஒப்பந்தத்தில், வயது ஏறிய ஒருவரை ஏப்ரலில் கொண்டுவந்து ஜூலையில் அனுப்பும் வழக்கம் போதும். இரண்டு வருடம், மூன்று வருடம் இங்கேயே இருந்து, இந்த ஊரில் வீடு பிடித்துத் தங்குகிற ஆள் வேண்டும். கையில் இருக்கும் இளம் வீச்சாளர்களில் ஒருவரைக் கொடுத்துத்தான் வாங்க முடியும் என்றால் கொடுங்கள். எனக்கு வலிக்கும், ஆனால் புரிந்துகொள்வேன்.

சிறிய ஊர், வருமானம் குறைவு என்பார்கள். மில்வாக்கி மட்டும் நியூயார்க் மாதிரி பெரிய ஊரா? அதே பிரிவில் நம்மோடு ஆடி, இந்த வருடம் 97 ஆட்டம் ஜெயித்தார்கள். நியூயார்க்கோடு காசில் போட்டி போடச் சொல்லி யாரும் கேட்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரனால் முடிந்தது நம்மால் முடியாதா என்றுதான் கேட்கிறோம்.

அடுத்து நம் மைனர் லீக் அணிகளில், அதாவது இளம் வீரர்கள் வளரும் கீழ்மட்ட அணிகளில், ஆடும் கானர் கிரிஃபின். அவரைப் பார்க்கவென்றே செப்டம்பர் தொடக்கத்தில் ஒரு நாள் மகனைக் கூட்டிக்கொண்டு, அந்த அணிகளில் ஒன்று இருக்கும் அல்டூனாவுக்கு வண்டி ஓட்டினேன். வலது பக்கச் சுவருக்குப் பின்னால் ரோலர் கோஸ்டர் நிற்கும் அந்தச் சின்ன மைதானத்தில், ஆட்டத்துக்கு முன் இரண்டாவது, மூன்றாவது பேஸுக்கு நடுவே ஷார்ட்ஸ்டாப்பில் நின்று தரைப்பந்து எடுத்துக்கொண்டிருந்தார். ஆறடிக்கு மேல் நாலு அங்குலம். அந்த உயரத்துக்கு இவ்வளவு தாழக் குனிய முடியுமா என்று பார்த்தேன். குனிந்தார். பந்து கையுறைக்குள் போன சத்தம் கேட்பதற்குள் வலது கைக்கு மாறி முதல் பேஸுக்குப் போய்விட்டது. மகன் எண்ண ஆரம்பித்தான், இருபது வரை எண்ணிவிட்டு நிறுத்திவிட்டான். அத்தனையும் சுத்தம். வயது 19. ஒரே சீசனில் மூன்று மட்டங்கள் ஏறி 0.333 சராசரி, 21 ஹோம் ரன், 65 ஸ்டீல். மைனர் லீகில் இன்றைக்கு இவரைவிடப் பெரிய பெயர் கிடையாது.

இவரை அவசரப்படுத்தாதீர்கள். அதேபோல் ஊதியக் கணக்கைப் பார்த்துத் தாமதிக்கவும் செய்யாதீர்கள். 2024-ல் ஸ்கீன்ஸ் மே 11 வரை மைனர் லீகின் உச்ச மட்டமான ட்ரிபிள் ஏ-வில் இருந்தார். கல்லூரியிலிருந்து வந்த கை, நிதானம் தேவைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவர் சிறந்த புதுமுக விருதை வாங்கியதும் விதிப்படி முழு வருட சேவை (வேறு அணிக்குப் போகும் உரிமைக்கு எண்ணப்படுவது) அவர் கணக்கில் ஏறிவிட்டது. காத்திருந்ததில் ஒரு வருடம்கூட மிச்சப்படவில்லை, நாம் இழந்தது ஏப்ரல் மாதம் முழுக்க அவர் வீச்சை. கிரிஃபின் தயார் என்று பயிற்சியாளர்கள் சொல்கிற அன்றைக்கு அவரைக் கூப்பிடுங்கள். மார்ச்சிலேயே சொன்னால் மார்ச்சிலேயே. தயார் இல்லை என்றால் ரசிகர்கள் நாங்கள் எவ்வளவு கத்தினாலும் காது கொடுக்காதீர்கள். 2021-ல் டிராஃப்டில் முதல் ஆளாக வந்த ஹென்றி டேவிஸ் பிளேட்டுக்குப் பின்னால் கேட்சராக நன்றாகத் தேறிவிட்டார், பேட்டிங்கில் இன்னும் வழி தேடிக்கொண்டிருக்கிறார். திறமை இருந்தும் காலம் பிடிக்கும் என்பதை அவரைப் பார்த்தே புரிந்துகொண்டோம்.

இன்னொன்று. இந்த வருடம் ஏப்ரலில் வலது பக்கச் சுவரில் நம் அணியின் மறைந்த நட்சத்திரம் ராபர்ட்டோ கிளெமென்டேயின் சட்டை எண் 21 இருந்த இடத்தில் விளம்பரம் வந்தது. ஊரே கேட்டது, திரும்ப வைத்தீர்கள். திருத்திக்கொண்டதற்கு நன்றி. ஆனால் அந்தச் சுவரின் உயரமே 21 அடி, அது அவருக்காகக் கட்டியது. சரியாக 3,000 ஹிட் அடித்துவிட்டு, நிகரகுவா நிலநடுக்கத்தில் தவித்தவர்களுக்கு நிவாரணப் பொருள் கொண்டுபோன விமானத்தில் 1972-இன் கடைசி நாள் உயிரை விட்டவர் அவர். இந்த ஊரில் பேஸ்பால் பார்க்கிற குழந்தைக்கு முதலில் சொல்லிக்கொடுக்கும் கதையே அவருடையதுதான், என் மகனுக்கும் அப்படித்தான். வந்து பத்தொன்பது வருடமே ஆன எனக்கே அன்றைக்கு அவ்வளவு வலித்தது என்றால், மூன்று தலைமுறையாக வருகிறவர்களை நினைத்துப் பாருங்கள்.

இந்த ஊர் எப்படிக் கத்தும் என்பதை 2013 அக்டோபர் 1 அன்று நேரில் கேட்டேன். இருபது வருடம் தொடர்ந்து தோற்ற பிறகு அணிக்குக் கிடைத்த முதல் பிளேஆஃப், சீசன் முடிந்ததும் நடக்கும் பட்டத்துக்கான சுற்று. எல்லோரும் கறுப்பு உடையில். மேல் அடுக்கில் நானும் மனைவியும் நிற்க இடமில்லாமல் நின்றோம். சின்சினாட்டியின் வீச்சாளர் ஜானி குவேட்டோ பெயரை அரங்கம் முழுவதும் ராகமாக இழுத்துப் பாடியது. வீச்சு மேட்டில் நின்ற அவர் கையிலிருந்து பந்து நழுவிக் கீழே விழுந்தது. அடுத்த பந்தை நம் ரஸல் மார்ட்டின் இடது பக்க இருக்கைகளுக்குள் அடித்தார். காலடியில் கான்கிரீட் அதிர்ந்தது, பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத பெரியவர் என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். 2015-க்குப் பிறகு அப்படி ஓர் அக்டோபர் இங்கே வரவில்லை. மகன் அப்படி ஒரு சத்தத்தைக் கேட்டதே இல்லை.

வசந்தத்தில் கிளெமென்டே பாலத்தில் நடந்து வருவோம், அதே மேல் அடுக்குக்கு. ஸ்கீன்ஸ் வீசும் நாளில் அவருக்கு மூன்று ரன் எடுத்துக் கொடுக்கும் அணியோடு வாருங்கள்.

அன்புடன்,
ஒரு பைரேட்ஸ் ரசிகன்
பிட்ஸ்பர்க், நவம்பர் 2025