எங்களோடு நின்ற எல்லோருக்கும் நன்றி

அன்புள்ள உறவுகளே,

என் வீட்டுக்காரருக்குக் கதிர்வீச்சு சிகிச்சை முடிந்து, கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள நம் அருமனைக்குத் திரும்பிவிட்டோம். ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புராஸ்டேட் சுரப்பியில் வந்த புற்றுநோய், எலும்புக்குப் பரவும் முன்பே பிடிபட்டதற்கு நீங்கள்தான் காரணம்.

முதல் நன்றி, அவரோடு ரப்பர் பால் வெட்டப் போகும் அண்ணனுக்கு. பால்வெட்டுக்காரர் வீட்டில் ராத்திரி நடமாட்டம் புதிதல்ல. விடியும் முன்பே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு கிளம்புகிறவர், அதற்குள் பலதடவை ஒண்ணுக்குப் போனால் யார் கவனிப்பார்கள்? இடுப்பு வலியையும் குனிந்து வெட்டுவதால் வருவது என்றே சொல்லிவந்தார். தோட்டத்தில் அவர் வெகுநேரம் முக்கிக்கொண்டு நிற்பதையும், சிறுநீர் விட்டு விட்டுப் போவதையும் அண்ணன்தான் பார்த்தார். "மறைச்சு வைக்காத தம்பி, வீட்டில சொல்லு" என்றதோடு விடாமல், என்னிடமும் வந்து சொன்னார். ஆண்கள் இதைப் பேசவே கூசும்போது, அது எவ்வளவு பெரிய உபகாரம்!

"வயசானால் இப்படித்தான்" என்று தள்ளிவிடாமல் புராஸ்டேட்டில் கோளாறு இருக்கிறதா என்று காட்டும் பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்த டாக்டருக்கும் நன்றி. புற்றுநோய் இல்லாமல் சுரப்பி வெறுமனே வீங்கினாலும் இதே தொந்தரவுகள் வரும், கிருமித்தொற்று இருந்தாலும் பி.எஸ்.ஏ. கூடும், சுரப்பியிலிருந்து சின்னத் துணுக்கு எடுத்து பயாப்சி பார்த்துத்தான் உறுதியாகச் சொல்ல முடியும் என்று பொறுமையாக விளக்கினார். இல்லையென்றால் அந்த ரிப்போர்ட்டைப் பார்த்ததுமே இடிந்துபோயிருப்போம்.

எங்களுக்கு மலையாளம் பேச வரும், வாசிக்க வராது. திருவனந்தபுரம் ஆஸ்பத்திரியில் ஃபாரங்களை வாசித்துக் காட்டி, எலும்பு ஸ்கேனுக்கும் கூடவே வந்த சேச்சியை மறக்க மாட்டோம். கதிர்வீச்சுக்கு முன் தண்ணீர் குடித்து சிறுநீர்ப்பையை நிறைத்து வைக்க வேண்டும். அடக்குவதே பெரும்பாடாக இருந்தவருக்கு அது எத்தனை கஷ்டம்! பக்கத்தில் நின்று "இன்னும் கொஞ்ச நேரம், அப்பச்சா" என்று தைரியம் சொன்ன நர்ஸ் பிள்ளைக்கும், அவருக்காக பாலராமபுரத்தில் பஸ்ஸை நிறுத்திக் காத்திருந்த கண்டக்டருக்கும் நன்றி.

நாங்கள் இல்லாத நாளெல்லாம் முறைவைத்து எங்கள் ரப்பர் மரங்களில் பால் வெட்டி, ஷீட் அடித்து விற்ற காசைக் கையில் கொண்டுவந்து தந்த பக்கத்து வீட்டாருக்கு என்ன சொல்வது!

கூடப்பிறந்தவருக்கு இருந்தால் தம்பிக்கும் வர வாய்ப்பு கூடுதல் என்றதால், கொழுந்தனாரும் பி.எஸ்.ஏ. பார்த்துவிட்டார். அவருக்குப் பயப்படும்படி ஒன்றுமில்லை. நம் பக்கத்தில் யாருக்காவது இதற்காகத் திருவனந்தபுரம் போகத் துணை வேண்டுமென்றால், தயங்காமல் வீட்டுக்கு வாருங்கள். என் வீட்டுக்காரரே கூட வருவார்.