கயோட்டிக்குப் பொறி வேண்டாம், குப்பைக்கு மூடி போடுங்கள்: நிர்வாக சபைக்கு ஒரு திறந்த மடல்

ரொறன்ரோவின் ஸ்காபரோவில், ஹைலண்ட் கிறீக் பக்கமாக இருக்கும் எங்கள் ரவுன்ஹவுஸ் தொகுதியின் நிர்வாக சபையினருக்கு,

வணக்கம்.

தபால்பெட்டிகளுக்குப் பக்கத்தில் நீங்கள் ஒட்டிய அறிவித்தலை வாசித்தேன். கயோட்டிகளை, அதாவது நரி போன்ற நாய்க் குலத்துக் காட்டுவிலங்குகளை, பிடிக்கத் தனியார் ஒருவரை அமர்த்துவது பற்றி அடுத்த கூட்டத்தில் வாக்கெடுப்பு என்று இருக்கிறது. ஒரு வீட்டுப் பூனை திரும்பி வரவில்லை. இன்னொரு வீட்டுச் சின்ன நாய்க்குக் கழுத்தில் கடி. சனம் பயந்துபோயிருக்கிறது, சபை ஏதாவது செய்தே ஆகவேண்டும் என்ற நெருக்கடி எனக்கு விளங்குகிறது. ஆனால் எங்கள் பராமரிப்புக் கட்டணம் பொறிக்குப் போவதை நான் எதிர்க்கிறேன். ஆங்கிலத்தில் எழுதியது உங்கள் மின்னஞ்சலில் இருக்கிறது. இதைத் தமிழில் எழுதுவது, கூட்டங்களுக்கு வராவிட்டாலும் பகல் முழுக்கப் பின்வளவில் நாயையும் பேரப்பிள்ளையையும் பார்த்துக்கொண்டிருக்கும் அம்மம்மாக்களும் அப்பப்பாக்களும் வாசிக்கட்டும் என்றுதான்.

பிடித்துக்கொண்டுபோய் வடக்கே எங்காவது காட்டில் விட்டுவிடுவார்கள் என்று பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். ஒன்ராறியோவில் அதற்கு இடமில்லை. பிடித்த காட்டுவிலங்கை, பிடித்த இடத்திலிருந்து ஒரு கிலோமீற்றருக்குள் விடவேண்டும் என்பது மாகாண விதி. ஒரு கிலோமீற்றர் என்றால் மோர்ணிங்சைட் பூங்காவின் ஒரு பக்கத்தில் பிடித்து மறுபக்கத்தில் விடுவது போலத்தான். ஒரே இரவில் பல கிலோமீற்றர் நடக்கிற மிருகத்துக்கு அது ஒரு தூரமே இல்லை. ஆகவே பொறி என்று நீங்கள் எழுதியிருப்பதன் பொருள் கொல்வது. அதை அறிவித்தலில் நேராகவே எழுதியிருக்கலாம்.

கொன்றால் தீருமா? அமெரிக்காவில் அரசாங்கமே ஆண்டுதோறும் பல்லாயிரம் கயோட்டிகளைக் கொன்றுவருகிறது. அப்படியிருந்தும் மேற்கின் புல்வெளிகளில் இருந்த மிருகம் இன்று ஹவாய் தவிர்ந்த எல்லா மாநிலங்களுக்கும் பரவிவிட்டது. காரணம் சிக்கலானதல்ல. ஒரு சோடி தன் எல்லைக்குள் வேறு கயோட்டிகளை விடாது. அந்தச் சோடியை அகற்றினால், சொந்த இடமில்லாமல் அலைந்துகொண்டிருக்கும் இளசுகளில் ஒன்று அந்த வெற்றிடத்துக்கு வந்து சேரும். எங்களுக்குப் பக்கத்தில் ஆற்றுப் பள்ளம் இருக்கிறது, ஹைட்ரோ மின்கம்பிகள் போகும் நீண்ட புல்வெளி இருக்கிறது, அப்பால் ரூஜ் பூங்கா இருக்கிறது. வருகிறதற்கு வழிக்குப் பஞ்சமேயில்லை. அதோடு, வளர்ந்த கயோட்டி கூண்டுப் பொறிக்குள் இலேசில் போகாது. போவது ரக்கூனும் ஸ்கங்கும் யாருடையவாவது பூனையும். கால்பிடிப் பொறியும் கம்பிச் சுருக்கும் எங்கள் நாய் எது, கயோட்டி எது என்று கேட்காது.

இறைச்சியில் நஞ்சு வைப்போம் என்று வட்ஸ்அப் குழுவில் ஒருவர் எழுதியதையும் பார்த்தேன். பகிடிக்கு எழுதினாரோ தெரியாது. அது குற்றம் என்பது ஒரு பக்கம். அந்த இறைச்சியை முதலில் மணந்து கண்டுபிடிக்கப்போவது எங்கள் நாய்கள். குப்பைக் கொட்டகையைச் சுற்றி ஏற்கெனவே வைத்திருக்கும் எலி நஞ்சுப் பெட்டிகளையும் சபை யோசித்துப் பார்க்கவேண்டும். நஞ்சு தின்று தடுமாறும் எலியைப் பூனையும் பிடிக்கும், ஆந்தையும் பிடிக்கும், கயோட்டியும் பிடிக்கும்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்த விடயம். சிக்காகோவில் 2000ஆம் ஆண்டிலிருந்து ஸ்ரான்லி கேர்ட் என்ற ஆய்வாளரும் அவரது குழுவும் நகரத்துக் கயோட்டிகளைப் பின்தொடர்ந்து வருகிறார்கள். அங்கே அவை போட்ட ஆயிரத்துக்கும் அதிகமான மல எச்சங்களைச் சேகரித்துப் பிரித்துப் பார்த்தபோது, எலி போன்ற சிறு கொறிணிகள் 42 வீதமானவற்றில் இருந்தன. பழம், மான், முயல் எல்லாம் அதற்குப் பிறகு. பூனை இருந்தது ஏறத்தாழ ஒரு வீதத்தில். லொஸ் ஏஞ்சலிஸில் அமெரிக்கத் தேசியப் பூங்காச் சேவையினர் தொண்டர்களை வைத்து இதே வேலையைச் செய்தார்கள். அங்கே நகரத்தின் நெருக்கமான பகுதிகளில் எடுத்த எச்சங்களில் சுமார் 20 வீதத்தில் பூனை இருந்தது. புறநகரில் 4 வீதம் அளவில். மிருகம் ஒன்றுதான், சாப்பாடு மட்டும் இடத்துக்கு இடம் இவ்வளவு மாறுகிறது. கையருகில் எது சுலபமாகக் கிடைக்கிறதோ அதைத் தின்கிறது. குப்பையும் செல்லப்பிராணி உணவும் பழமும் வெளியே கிடக்கிற தெருவுக்கு அது அடிக்கடி வரும். வருகிற தெருவில் பூனை திரிந்தால் பூனையையும் எடுக்கும்.

எங்கள் தொகுதியில் அதற்கு என்ன கிடைக்கிறது என்று சனிக்கிழமை பின்னேரம் ஒரு சுற்று நடந்து பாருங்கள். தனி வீடுகளுக்கு நகரம் 2016இலிருந்து சமையல் கழிவுக்கான, பூட்டு வைத்த பச்சைத் தொட்டி கொடுத்தது. எங்களிடம் இருப்பதோ எல்லா வீட்டுக்கும் பொதுவான பெரிய தொட்டி, அதன் மூடி மூடிக்கிடந்து நான் கண்டதில்லை. மீன் செதிளும் குடலும் ஆட்டெலும்பும் பையோடு மேலே கிடக்கும். நிறைந்துவிட்டால் பக்கத்தில் நிலத்தில் வைப்பார்கள். வேலியோரத்து முசுக்கட்டை மரத்தின் பழம் யூன் மாதம் முழுக்க உதிர்ந்து கிடக்கிறது. தெருப்பூனைகளுக்கென்று இரவிலும் சாப்பாட்டுத் தட்டு வைக்கும் வீடுகள் எவை என்று எல்லாருக்கும் தெரியும், பெயர் சொல்லத் தேவையில்லை.

காகத்துக்குச் சோறு வைப்பதைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும், யாரும் கோபிக்கவேண்டாம். சனிக்கிழமை விரதத்துக்கும் அமாவாசைக்கும் எங்கள் வீட்டிலும் வைக்கிறோம். ஆனால் காகம் தின்னாமல் விட்ட சோறும் பருப்பும் இரவு முழுக்க வாழையிலையோடு கிடந்தால் எலி வரும், எலிக்குப் பின்னால் கயோட்டி வரும். ரொறன்ரோவில் 2023 ஏப்ரலிலிருந்து காட்டுவிலங்குகளுக்கு உணவு வைப்பது, சொந்த வளவிலேயே என்றாலும், தடை. பறவைகளுக்குத் தீனித்தொட்டி தொங்கவிட மட்டும் நிபந்தனைகளோடு இடமுண்டு. சபையே இதை வீட்டுக்கு வீடு தமிழில் ஒரு தாளில் அச்சடித்துக் கொடுத்தால், ஐயர் சொல்வதைவிடக் கூடுதலாகக் கேட்பார்கள்.

பூனையைப் பறிகொடுத்த வீட்டாரை நான் குறை சொல்லவரவில்லை. பூனை என்றால் வெளியே போய்வரும் சீவன் என்றுதான் நாங்கள் எல்லாரும் வளர்ந்தோம். யாழ்ப்பாணத்து வளவில் அது சரி. இங்கே கயோட்டி இல்லாவிட்டாலும் கார் இருக்கிறது, பனி இருக்கிறது. உள்ளே அடைக்க மனமில்லாதவர்கள் பின்பக்க யன்னலோடு ஒட்டி மேலேயும் மூடிய கம்பிவலைக் கூடொன்று கட்டலாம்; பூனைக்கு வெயிலும் காற்றும் கிடைக்கும். இப்போது இருக்கும் தொகுதி விதிகள் அதற்கு அனுமதிப்பதில்லை. இந்த விதியை மாற்றுவதற்குச் சபைக்குச் சதமும் செலவில்லை.

நாய்க்காரர்களுக்குச் சொல்ல இன்னும் இருக்கிறது. ஆறடி வேலியைக் கயோட்டி ஏறிக் கடந்துவிடும். வேலியின் மேல்விளிம்பில் உருளும் குழாய் பூட்டினால் அதற்குக் கால் பிடிக்காது, வழுக்கி விழும். நகரத்து வேலி உயரச் சட்டத்தோடு மல்லுக்கட்டாமல் செய்யக்கூடிய காரியம் அது. இதற்கும் உங்கள் ஒப்புதல் தேவை. சின்ன நாயைப் பின்வளவில் தனியே விட்டுவிட்டுக் கதவைச் சாத்தக்கூடாது, அதுவும் விடியலிலும் இருட்டிலும். நகரச் சட்டப்படி கயிறு இரண்டு மீற்றருக்கு மேல் போகக்கூடாது. அந்த நீண்டு சுருங்கும் கயிறுகளில் நாய் முன்னால் எங்கோ போய்விடும், வைத்திருப்பவர் பார்த்துக்கொண்டு நிற்கத்தான் முடியும்.

கயோட்டிகள் தை, மாசியில் சோடி சேரும். ஏப்ரல், மே அளவில் குட்டி. அந்தக் காலத்தில் ஆற்றோரப் பாதையில் ஒன்று உங்கள் பின்னாலே கொஞ்சத் தூரம் வந்தால், பெரும்பாலும் குட்டிகளின் பொந்திலிருந்து உங்களையும் நாயையும் அப்பால் அனுப்பிவைக்கத்தான் வருகிறது. சின்ன நாயைத் தூக்கிக்கொள்ளுங்கள். ஓடவேண்டாம், முதுகு காட்டவும் வேண்டாம். கையை உயர்த்திச் சத்தம் போட்டபடி மெல்லப் பின்னுக்கு நகருங்கள், அது போவதற்கு வழி விடுங்கள். ஆனால் தொகுதிக்குள், பிள்ளைகள் விளையாடும் புற்றரையில் வந்து நின்றால் கதை வேறு. அங்கே ஒவ்வொரு முறையும் விரட்டவேண்டும். விசில், சில்லறைக் காசு போட்ட ரின், தண்ணீர்க் குழாய், எது கையில் இருக்கிறதோ அது. யன்னலுக்குள் நின்று படம் எடுத்துக் குழுவில் போடுவதால், மனிதர்கள் ஒன்றும் செய்யமாட்டார்கள் என்று அது பழகிக்கொள்கிறது.

நாய் கடிபட்டால், வெளியே சின்ன ஓட்டை மாதிரித் தெரிந்தாலும் அன்றே மிருக வைத்தியரிடம் போகவேண்டும். உள்ளே தசை கிழிந்திருக்கும். மூன்று மாதத்துக்கு மேற்பட்ட நாய்க்கும் பூனைக்கும் விசர்நோய்த் தடுப்பூசி போட்டிருக்கவேண்டும் என்பது ஒன்ராறியோவில் சட்டம். வெளியே போகாத பூனைதானே என்று விட்டிருப்பவர்கள் எங்கள் வரிசையிலேயே இருக்கிறார்கள்.

பிள்ளைகளைப் பற்றிய பயம் வீண் பயம் என்று நான் சொல்லமாட்டேன். வட அமெரிக்காவில் கயோட்டியால் மனிதர் இறந்ததாகப் பதிவானவை இரண்டு: 1981இல் கலிபோர்ணியாவின் கிளென்டேலில் மூன்று வயதுக் குழந்தை, 2009இல் நோவா ஸ்கோஷியாவின் கேப் பிரெட்டன் ஹைலண்ட்ஸ் தேசியப் பூங்காவில் 19 வயதுப் பாடகி. எங்கள் பக்கத்துக் கயோட்டிக்கு ஓநாயின் கலப்பும் உண்டு, மேற்கத்தையதைவிடச் சற்றுப் பெரிது. என்றாலும் பொதுவாக 20 கிலோவுக்குள்தான், குளிர்கால மயிர்தான் பெரிதாகக் காட்டுகிறது. பதிவில் இரண்டே என்பதற்காகச் சின்னப் பிள்ளையைப் புற்றரையில் தனியே விடலாம் என்று ஆகாது.

மனிதரை நெருங்கப் பழகிவிட்ட கயோட்டி வந்தால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். அதற்கு வழி 311, நகரத்துக்கு முறையிடும் தொலைபேசி இலக்கம். ரொறன்ரோவின் லிபர்ற்றி விலேஜ் பகுதியில் 2024 கடைசியிலிருந்து நாய்கள் தொடர்ந்து தாக்கப்பட்டன. பக்கத்தில் ஏரிக்கரையிலுள்ள ஒன்ராறியோ பிளேஸில் மரங்களை வெட்டியதுதான் காரணம் என்று பலர் சொன்னார்கள். விரட்டிப் பார்த்தும் சரிவராமல், 2025 மார்ச்சில் நகரமே இரண்டு கயோட்டிகளைக் கொன்றது. எந்த மிருகம், எங்கே, எப்படி நடந்துகொள்கிறது என்ற முறைப்பாடுகள் சேர்ந்தால்தான் நகரம் அப்படியொரு முடிவுக்கு வரும். எங்கள் தொகுதியிலிருந்து எத்தனை பேர் 311க்கு அழைத்தார்கள்? வட்ஸ்அப்பில் மட்டும் எழுதினால் நகரத்துக்குத் தெரியாது.

எனவே வாக்கெடுப்பில் இருக்கும் பிரேரணையை மாற்றும்படி கேட்கிறேன். அதே தொகைக்கு, குப்பைக் கொட்டகைக்குக் கதவும் தானாக மூடும் மூடியுள்ள தொட்டிகளும் முதலில். மிச்சத்தில் ஆற்றுப் பக்க வேலிக்கு விளக்கும், கேட்கும் வீடுகளுக்கு உருளும் குழாயும். எலி நஞ்சுப் பெட்டிகளை எடுத்துவிட்டுப் பொறிப் பெட்டிகள் வையுங்கள், எலிக்கு மட்டும். கொட்டகைக் கதவுக்கு இரண்டு இடங்களில் விலை கேட்டிருக்கிறேன், தாள்களைக் கூட்டத்துக்குக் கொண்டுவருவேன். முசுக்கட்டைப் பழம் கூட்டுவதற்கு ஆட்கள் சேர்க்கும் பொறுப்பையும் எடுக்கிறேன். தொட்டி நிறைந்தபின் பையை நிலத்தில் வைப்பவர்களுக்குத் தண்டம் விதிப்பது மட்டும் உங்கள் வேலை.

அன்புடன்,
கடைசி வரிசையில் நாயும் பூனையும் வளர்க்கும் ஒரு வீட்டுக்காரர்