ஒரு சட்டைக்குத் தையற்கூலி எவ்வளவு?

யாங்கோன்,
ஞாயிறு இரவு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. அம்மாவும் நானும் சுகம். போனில் நீ கேட்டபோதே கரண்ட் போய்விட்டது, பின்னாடியே லைனும் போனது. அதுவும் நல்லதுக்குத்தான். அப்போது பேசியிருந்தால் வாயில் வந்ததைச் சொல்லியிருப்பேன்.

உன் கம்பெனி பர்மாவில் துணி தைக்கக் கொடுப்பதை நிறுத்தலாமா என்று யோசிக்கிறது, நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டாய். சட்டை வியாபாரம் எனக்கு எங்கே தெரியும்? எனக்குத் தெரிந்தது உளுந்து. அதிலிருந்தே வருகிறேன்.

இங்கே யாங்கோனின் பயின்நாங் மொத்தச் சந்தையில் முப்பது வருஷம் மூட்டையில் குத்தூசி போட்டு உளுந்து பார்த்தவன் நான். பெகுப் பக்கம் நெல் அறுத்த வயலில் ஈரம் காய்வதற்குள் உளுந்தை விதைத்துவிடுவார்கள். பர்மியர்கள் அதை அவ்வளவாகச் சாப்பிடுவதில்லை. நம் மாதிரி வீடுகளின் இட்லிக்குப் போக, பெரும்பகுதி கப்பலேறி இந்தியாவுக்குத்தான். விவசாயி, ஊர்த் தரகர், சந்தை, ஏற்றுமதிக்காரர், அங்கே பருப்பு மில், அப்புறம் கடை.

2017 ஆகஸ்டில் இந்தியா ஒரு வரம்பு போட்டது. உளுந்தும் பாசிப்பயறும் சேர்த்து வருஷத்துக்கு 3 லட்சம் டன், அதற்கு மேல் எடுக்க மாட்டோம் என்றது. அங்கே அமோக விளைச்சல். தங்கள் விவசாயியைக் காப்பாற்றினார்கள், நான் தப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் இங்கே விலை சரிந்தது. எனக்குக் கமிஷன் குறைந்தது, அவ்வளவுதான். ஏற்றுமதிக்காரர் கிடங்கில் போட்டுவிட்டுக் காத்திருந்தார். விதைக்கும் உரத்துக்கும் கடன் வாங்கியவரால் காத்திருக்க முடியுமா? ஒருவர் மூட்டைகளைத் திரும்ப ஊருக்கே ஏற்றிப் போகலாமா என்று என் மேசையில் உட்கார்ந்து கணக்குப் போட்டார். லாரி வாடகை கட்டுப்படியாகவில்லை. கேட்ட விலைக்குப் போட்டுவிட்டு பஸ் ஏறினார். அந்த விலையைச் சொன்ன வாய் என்னுடையது.

இன்னும் பின்னால் போனாலும் இதே கதைதான். உன் கொள்ளுத்தாத்தா மேஸ்திரி பிடித்துக் கொண்டுவந்த அறுப்புக் கூலி. அந்தக் காலத்தில், 1920களில், நாலு பெரிய வெள்ளைக்கார அரிசி ஆலைக் கம்பெனிகள் 'புல்லிஞ்சர் பூல்' என்று கூட்டுச் சேர்ந்து நெல் விலையை அமுக்கி வைத்தன. 1930இல் உலகச் சந்தை விழுந்தது, நெல்லும் விழுந்தது. கடன் கட்ட முடியாத பர்மிய விவசாயியின் நிலம், வட்டிக்குக் கொடுத்த நம் ஊர்ச் செட்டியார் கைக்கு வந்தது. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார் கையில் இருந்த நிலம் 1930இல் நூற்றுக்கு ஆறு பங்கு, 1938இல் இருபத்தைந்து பங்கு. செட்டியாருக்கு வேண்டியது வட்டிப் பணம், சேற்று நிலம் இல்லை. ஆனால் நிலத்தை இழந்தவன் கண்ணுக்கு லண்டன் தெரியவில்லை, பக்கத்தில் இருந்த நாம் தெரிந்தோம். நடுவில் நிற்பவர்கள் பாடு அது. நீயும் இப்போது நடுவில்தான் நிற்கிறாய், அதனால் சொல்கிறேன்.

சரி, சட்டைக்கு வருகிறேன். எதிர் வீட்டுப் பெண்ணை உனக்கு நினைவிருக்கும். 2008இல் நர்கிஸ் புயலில் ஐராவதி டெல்டாவின் லபுட்டாவில் வீடு போய், தாயும் மகளுமாக வந்தவர்கள். மகள் யாங்கோன் ஓரத்துத் தொழிற்சாலைப் பகுதியான லைங்தாயாவில் துணி தைக்கும் வேலைக்குப் போனாள். முதல் இரண்டு வருஷச் சம்பளத்தில் வீட்டுக்குத் தகரக் கூரை போட்டாள். 'கம்பெனிகள் வந்ததால் ஏழ்மைதான்' என்று சிலர் பேசும்போது எனக்கு அந்தக் கூரைதான் ஞாபகம் வரும். 2013இல் ஐரோப்பா பர்மாச் சரக்குக்கு இறக்குமதி வரிச் சலுகையைத் திரும்பக் கொடுத்திருக்காவிட்டால் அந்த வேலையே வந்திருக்காது.

ஆனால் எவ்வளவு இங்கே தங்கியது என்று பார். துணி, நூல், பட்டன், ஜிப் எல்லாம் வெளியிலிருந்து, பெரும்பாலும் சீனாவிலிருந்து. இங்கே வெட்டுவது, தைப்பது, பெட்டியில் போடுவது மட்டும். சி.எம்.பி. என்று நீங்கள் சொல்வீர்களே, அதுதான். தொழிற்சாலைக்காரனுக்கே தையற்கூலி மட்டும்தான். உன் மாதிரி ஒரு ஆபீசில் அதில் பத்து சென்ட் குறைத்தால், அவன் வேறு எதில் குறைப்பான்? பஞ்சு அவனுடையதில்லை, ஜிப் அவனுடையதில்லை. இருப்பது அவள் நேரம் ஒன்றுதான்.

2018இல் குறைந்தபட்சக் கூலி எட்டு மணி நேரத்துக்கு 4,800 கியாட். அன்றைக்கு அது மூன்றரை டாலர். 2021 பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு நடந்ததை எழுத வேண்டாம், உனக்கே தெரியும். 2023 அக்டோபர் வரை அதே 4,800தான், வெளிச் சந்தையிலோ டாலர் 3,000 கியாட்டைத் தாண்டிவிட்டது. அப்புறம் கூலியோடு தினப்படி என்று ஆயிரம், 2024இல் இன்னொரு ஆயிரம். எண்ணெய் விலை அதற்காகக் காத்திருக்கவில்லை.

2023இல் இண்டிடெக்ஸ், எச் அண்ட் எம் என்ற பெரிய ஐரோப்பியத் துணிக் கம்பெனிகள் இங்கிருந்து படிப்படியாக விலகுவதாக அறிவித்தன. இருப்பவர்களைப் பற்றியும் வாதம் உண்டு, போனவர்களைப் பற்றியும் உண்டு. இரண்டிலும் நியாயம் இருக்கிறது. எனக்குக் கோபம் போகிற விதத்தில்தான். 2020இல் கொரோனா சமயம் அந்தப் பெண் முன்பு வேலை செய்த இடத்தில் ஆர்டர் ரத்தானது. தைத்து முடித்த சரக்கும் அதில் சேர்ந்தது. முதலாளி கேட்டைப் பூட்டினார், மூன்று வாரக் கூலி அப்படியே நின்றது. யாரிடம் கேட்பது? வாங்குகிறவர் முதலாளியைக் காட்டினார், முதலாளி வாங்குகிறவரைக் காட்டினார்.

ஆகவே, இருப்பதானால் விலையைக் கொஞ்சம் கூட்டி, கடைசி நேரத்தில் டிசைனை மாற்றாமல் இருக்கட்டும். போவதானால் ஒரு சீசனுக்கு முன்பே சொல்லிவிட்டு, கூலி பாக்கியும் வேலை போவதற்கான நஷ்ட ஈடும் தொழிலாளி கையில் சேர்ந்ததா என்று பார்த்துவிட்டுப் போகட்டும். இதை உன் மீட்டிங்கில் சொல்ல முடியுமா, சொன்னால் உன் வேலைக்கு ஏதும் ஆகுமா என்றுதான் அம்மா பயப்படுகிறாள். எனக்கும் பயம் உண்டு. அதற்காக எழுதாமல் இருக்கத் தோன்றவில்லை.

இன்னொன்று. இப்போது எதிர் வீட்டுப் பெண்ணுக்குப் பாக்கிங் பக்கம் வேலை. விலைச் சீட்டைக் கட்டுவதே அவள்தான். போன வாரம் ஒரு சீட்டோடு வந்தாள், 24.99 யூரோ. மாமா, இது நம் பணத்தில் எவ்வளவு என்றாள். கணக்குப் போட்டுக் காட்டினேன், அவளுக்குப் பதினைந்து நாள் கூலிக்கும் மேலே. கொஞ்ச நேரம் கால்குலேட்டரையே பார்த்தாள். இதில் தைத்ததற்கு எவ்வளவு என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. சாதாரணப் பருத்திச் சட்டை, முழுக்கை, முன்னால் ஒரு பை. உன் ஆபீசில் அந்தக் கணக்குத் தாள் இருக்கும் அல்லவா? பார்த்துச் சொல். சனிக்கிழமை வருவாள்.

அன்புடன்,
அப்பா