மாத்திரையை மாற்றுங்கள், சொல்லிவிட்டு மாற்றுங்கள்

மருந்துக் கொள்முதல் அதிகாரிகளுக்கும் அரசு மருத்துவமனை மருந்தகப் பொறுப்பாளர்களுக்கும் பணிவான வணக்கம்.

மனச்சோர்வுக்கான மாத்திரைகள் ஒப்பந்தப்புள்ளி முறையில் வாங்கப்படுவதும், ஒப்பந்தம் கைமாறினால் தயாரிப்பு நிறுவனமும் மாறுவதும் தாங்கள் அறிந்தவையே. பிராண்டுப் பெயரில்லாமல் மருந்தின் சொந்தப் பெயரிலேயே விற்கப்படும் பொதுப்பெயர் (ஜெனரிக்) மருந்துகளை நான் எதிர்க்கவில்லை. மன்னார்குடியில் தனியார் கடையில் பிராண்டுப் பெயரில் எஸ்சிட்டாலோபிராம் என்ற மனச்சோர்வு மருந்தை வாங்கிவந்த என் அத்தை, கூலிப் பணத்தில் அந்தச் செலவைத் தாங்க முடியாமல்தான் அரசு மருத்துவமனைக்கு மாறினார். இலவச மாத்திரையால் நன்றாகவே இருந்தார்.

சென்ற முறை அவருக்கு வழக்கமான வெள்ளை வட்ட மாத்திரைக்குப் பதிலாக மஞ்சள் நிறத்தில் நீளமான ஒன்றைக் கொடுத்தார்கள். எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியாத அத்தை, ரத்தக்கொதிப்பு மாத்திரை எது, மனச்சோர்வு மாத்திரை எது என்பதை நிறத்தையும் வடிவத்தையும் கொண்டுதான் நினைவில் வைத்திருக்கிறார். வாசிக்கத் தெரிந்த எனக்கும் பெரிதாக ஒன்றும் விளங்கவில்லை. அட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டிக் கொடுத்ததில், மருந்தின் பெயரில் கடைசி நான்கைந்து ஆங்கில எழுத்துகள் மட்டுமே எங்கள் துண்டின் பின்பக்கத்தில் எஞ்சியிருந்தன. எத்தனை மில்லிகிராம் என்பதும் காலாவதி நாளும் வேறு யார் வீட்டுக்கோ போய்விட்டன. அத்தை கேட்டபோது, “எல்லாம் ஒண்ணுதாம்மா, நகருங்க” என்று பதில் வந்திருக்கிறது. எது எதோடு ஒன்று என்று புரியாத அவர், டாக்டர் புதிதாக ஒரு மாத்திரை சேர்த்திருக்கிறார் என்று எண்ணி, வீட்டில் மிச்சமிருந்த வெள்ளையையும் மஞ்சளையும் சேர்த்தே விழுங்கிவந்தார். குமட்டலும் கைநடுக்கமும் வந்ததும் பயந்துபோய் இரண்டையும் ஒரேயடியாக நிறுத்திவிட்டார். சட்டென்று நிறுத்தினால் தலைச்சுற்றலும், தலைக்குள் மின்சாரம் பாய்வது போன்ற உதறலும் வரக்கூடிய மருந்து அது. சம்பா நடவுக்கு இறங்கியவர் நாற்றுமுடியோடு வரப்பில் உட்கார்ந்துவிட்டார். நடவுக் கூலி போனது, தூக்கமும் போனது.

நான் கேட்பது ஒன்றுதான்: நிறுவனம் மாறும்போது நோயாளியிடம் சொல்லுங்கள்.

எல்லாம் ஒன்றுதான் என்பது பெரும்பாலும் உண்மை என்பதை ஏற்கிறேன். ஆனால் உயிர்ச்சமநிலைச் சோதனை ஒரு பொதுப்பெயர் மாத்திரையை, முதலில் பிராண்டுப் பெயரில் வந்த மூல மருந்தோடு ஒப்பிட்டு, ரத்தத்தில் சேரும் அளவு 80 முதல் 125 விழுக்காடு என்ற வரம்புக்குள் அமைகிறதா என்று பார்க்கிறதே தவிர, ஒரு பொதுப்பெயர் மாத்திரையை இன்னொன்றோடு ஒப்பிடுவதில்லை. எங்கள் மருந்தகத்தில் நடப்பதோ அந்த இரண்டாவது வகை மாற்றம். அமெரிக்காவில் புப்ரோபியான் என்ற மனச்சோர்வு மருந்தின் 300 மில்லிகிராம் பொதுப்பெயர் மாத்திரை ஒன்று மூல மருந்துக்கு நிகராக இல்லை என்று அந்நாட்டு மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2012இல் அறிவித்து, அது சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. அரிதான நிகழ்வுதான், ஆனால் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே நோயாளிகள் குறை சொல்லிவந்தார்கள். மாத்திரை மாறியதே தெரியாத என் அத்தை எதைக் குறையாகச் சொல்வார்?

வேளாண் விரிவாக்க மையத்தில் விதைநெல் வாங்கினால்கூட ரகமும் காலாவதி நாளும் அச்சிட்ட நீல அட்டையை மூட்டையில் தைத்துத் தருகிறார்கள். நெல்லுக்குக் கிடைக்கும் அந்த மரியாதை, அதை நட்டு வளர்ப்பவரின் மருந்துக்குக் கிடைக்க என்ன மனு போட வேண்டுமோ தெரியவில்லை. மனநோயாளிக்குப் புரியும் மொழியிலும் வடிவத்திலும் சிகிச்சை விவரம் தரப்பட வேண்டும் என்று மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017இன் 22ஆம் பிரிவு சொல்வதை, அலுவலகத்தில் இருக்கும் தங்களுக்கு வயல்காட்டிலிருந்து நான் எடுத்துச் சொல்ல வேண்டியிருப்பதும் காலக்கொடுமைதான்.

கோபத்தில் வார்த்தை நீண்டிருந்தால் பொறுத்தருளுங்கள். மாத்திரை போட்டுத் தரும் காகித உறையில் மருந்தின் பெயர், அளவு, “பழைய மாத்திரைக்குப் பதில் இது, இரண்டையும் சேர்த்துச் சாப்பிடக் கூடாது” என்ற வரி ஆகியவற்றைத் தமிழில் அச்சிட்டு, வாசிக்கத் தெரியாதவர்களுக்கு அதை வாய்விட்டுச் சொல்லவும் ஆணையிடுங்கள். முடிந்தவரை ஒருவருக்கு ஒரே நிறுவனத்தின் மாத்திரையையே தொடர்ந்து கொடுங்கள். முடியாதபோது மருத்துவருக்கும் தெரிவியுங்கள். அடுத்த ஒப்பந்தம் மாறுவதற்குள் இதைச் செய்து தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மன்னார்குடி வட்டத்திலிருந்து ஒரு நோயாளியின் மருமகன்