சாம்பிராணியும் சினமும்

ஹட்டன்.

அன்புள்ள நண்ப,

உன் கடிதம் வியாழக்கிழமை மாலை, மழையில் ஓரம் நனைந்து வந்து சேர்ந்தது. முழங்கால் வலிக்கு எண்ணெய் பூசிக்கொண்டு படியேறாமல் இருக்கிறாய் என்று எழுதியிருந்தாய். பண்டாரவளையில் படியில்லாத வீடு உனக்கு எங்கே கிடைத்தது என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. இங்கே எல்லோரும் நலம். மூத்தவள் கொழும்பிலேயே வேலைக்குச் சேர்ந்துவிட்டாள்.

சாம்பிராணிக்கும் கோபமூட்டுவதற்கும் ஆங்கிலத்தில் 'இன்சென்ஸ்' என்ற ஒரே சொல் எப்படி வந்தது என்று கேட்டிருந்தாய். சென்ற மாதம் என்னிடம் பாடம் கேட்க வரும் சாதாரண தர (ஓ/எல்) பரீட்சை வகுப்புப் பையன் ஒருவன், தொழிலாளர்கள் 'இன்சென்ஸ்ட்' ஆனார்கள் என்ற ஆங்கில வரியை, 'தொழிலாளர்கள் சாம்பிராணி போட்டார்கள்' என்று மொழிபெயர்த்துக் கொண்டுவந்தான். சிரித்துவிட்டேன். பிறகு யோசித்தபோது, அவன் வேர் வரைக்கும் போய்க் கிளையை மட்டும் தவறவிட்டிருக்கிறான் என்று தோன்றியது. 'இன்செண்டெரே' என்றால் இலத்தீனில் தீ மூட்டுவது. மூட்டிப் புகையவிடும் பொருள் பெயர்ச்சொல்லாயிற்று; மனிதனுக்குள் மூட்டுவது வினைச்சொல்லாயிற்று. மெழுகுவர்த்தியைக் குறிக்கும் 'கேண்டில்' கூட இந்தக் குடும்பத்துப் பிள்ளைதான். எழுத்தில் இரண்டுக்கும் வேறுபாடில்லை, காதில்தான் உண்டு: சாம்பிராணிக்கு முதல் அசையை அழுத்த வேண்டும், சினத்துக்கு இரண்டாம் அசையை.

நம் பிள்ளைகள் வழுக்கி விழும் இடம் வேறொன்று. இந்த வினை ஆளைத்தான் செயப்படுபொருளாகக் கொள்ளும், கோபத்தைக் கொள்ளாது. 'மக்களின் கோபத்தைத் தூண்டினார்' என்று நாம் சொல்வதை அப்படியே வைத்து, கோபத்தை 'இன்சென்ஸ்' செய்தார் என்று எழுதினால் தவறு. அதற்கு 'ப்ரொவோக்' இருக்கிறது; வெளியே வரும்படி அழைப்பது என்பது அதன் வேர்ப்பொருள் என்பதால், அது ஆளையும் ஏற்கும், கோபத்தையும் ஏற்கும். 1883ஆம் ஆண்டின் நமது தண்டனைச் சட்டக் கோவை, கொலைக் குற்றத்துக்கு விதிவிலக்காகச் சொல்லும் பாரதூரமான, சடுதியான ஆத்திரமூட்டலும் ('ப்ரொவோகேஷன்') அந்தச் சொல்லிலிருந்து வந்ததுதான்.

அளவும் முக்கியம். காலில் அட்டை ஏறினால் எரிச்சல். கைகாட்டியும் பஸ் நிற்காமல் போனால் சலிப்பு. இவற்றுக்கெல்லாம் 'இன்சென்ஸ்' என்று எழுதுவது கொசுவுக்குக் கோடரி எடுப்பது போலாகும். அநியாயம் ஒன்று கண்ணெதிரே நடந்து, அதைச் செய்தவர் ஒன்றும் நடக்காதது போல் நிற்கும்போதுதான் இந்தச் சொல் சரியாகப் பொருந்துகிறது.

என் அண்ணி தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுத்த காலத்தில், நான் ஒரு மாலை கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குப் போயிருந்தேன். ஒரு வாரமாக மழையில்லாத வெயில் நாள். தராசு 19 கிலோ காட்டியது. இலையில் ஒட்டிய தண்ணிக்கு இரண்டு, சாக்குக்கு ஒன்று என்று கழித்துக் கணக்கப்பிள்ளை 16 என்று எழுதினார். அந்தத் தோட்டத்தில் அப்போது 18 கிலோ எடுத்தால்தான் முழுப்பேர், அதாவது முழு நாள் சம்பளம். ஆக அண்ணிக்கு அன்று அரைப்பேர். அவர் ஒரு சத்தமும் போடவில்லை. சாக்குக்குள் கைவிட்டு ஒரு பிடி கொழுந்தை அள்ளி, உள்ளங்கையில் வைத்து இறுக்கிப் பிழிந்து, பிறகு கையை விரித்து மேசைமேல் நீட்டினார். கறை இருந்தது, ஒரு சொட்டு ஈரமில்லை. பின்னால் வரிசையில் நின்ற பெண்கள் அந்தக் கையைப் பார்த்தார்கள். அதன் பிறகு அங்கே எழுந்ததுதான், நீ கேட்ட வினைச்சொல்.

இதைத் தமிழாக்கும்போது பத்திரிகைகள் வழக்கமாக 'கொதித்தெழுந்தனர்' என்று போடுகின்றன. அழகான சொல்தான்; ஆனால் அதில் ஒரு குறை எனக்குப் படுகிறது. பானை கொதிப்பது தெரிகிறது, அடுப்பில் நெருப்பு வைத்தவர் தெரியவில்லை. ஆங்கிலத்தில் செயப்பாட்டு வினையாக வந்தாலும், மூட்டியவர் ஒருவர் அந்தச் சொல்லுக்குப் பின்னால் நின்றுகொண்டே இருக்கிறார். நெருப்பையும் சினத்தையும் ஒன்றாகக் காண்பது நமக்குப் புதிதல்ல: 306ஆவது குறள் சினத்தைச் 'சேர்ந்தாரைக் கொல்லி' என்கிறது, அது நெருப்பின் பெயரேதான். ஆயினும் வள்ளுவர் அங்கே பேசுவது அந்தத் தீ யாரைச் சுடும் என்பதை. மூட்டியவர் யார் என்பது அவருடைய கேள்வியாக இருக்கவில்லை.

ஆகவே பையனுடைய கொப்பியில், 'எடைக் கழிவு தொழிலாளரைக் கொதிக்க வைத்தது' என்று திருத்திக் கொடுத்தேன். இதைவிட நல்ல தமிழ் உனக்குத் தோன்றினால் எழுது. உன் மருமகன் இந்தப் பக்கம் வரும்போது, நீ 'இரண்டு நாளில் தருகிறேன்' என்று வாங்கிப்போன என் ஆங்கில அகராதியையும் கொடுத்தனுப்பு, பதினோரு வருடமாயிற்று.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்