முன்விளக்கைக் கடைசியாக ஏற்று

வவுனியா

அன்பு மச்சான்,

உன் கடிதமும் மாதிரிக்கு எடுத்த படங்களும் கிடைத்தன. அம்மாவின் கண் ஒப்பரேசன் நல்லபடி முடிந்தது பெரிய ஆறுதல். இங்கே எல்லாரும் சுகம். சின்னவள் ஏ.எல். படிப்பில் மூழ்கிக் கிடக்கிறாள், வீட்டில் ரேடியோ கூடப் போட முடியவில்லை.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். வலைப்பந்தாட்டப் பிள்ளைகளைச் சீருடையோடு தனித்தனியே எடுத்துத் தரும்படி பள்ளிக்கூடத்தில் கேட்டிருக்கிறார்கள், எடுத்துப் பார்த்தால் எல்லாம் தெளிவாக இருந்தும் அடையாள அட்டைப் படம் போலத் தட்டையாக விழுகிறது என்று எழுதியிருந்தாய். படங்களைப் பார்த்தவுடனேயே காரணம் தெரிந்தது. நீ முதலில் முகத்துக்கு விளக்கு வைக்கிறாய், பிறகு மிச்சத்தை யோசிக்கிறாய். விளையாட்டுப் பிள்ளைகளுக்கு அதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். பின்னாலிருக்கும் இரண்டு விளக்கையும் முதலில் சரிக்கட்டு. முன்விளக்கு கடைசியாக, கொஞ்சமாக வரட்டும்.

எங்கள் பிள்ளைகளின் நிறத்துக்கு இது மிகவும் பொருந்தும். கறுத்த தோல் முன்னாலிருந்து வரும் வெளிச்சத்தைக் கனக்கத் திருப்பித் தராது. பக்கவாட்டிலும் பின்னாலும் இருந்து சறுக்கி விழும் வெளிச்சத்துக்குத்தான் மினுங்கும். தோள்மூட்டு, முன்கை நரம்பு, தாடையின் ஓரம் எல்லாம் அப்படித்தான் தெரியவரும். முகம் இருட்டாக இருக்கிறது என்று முன்விளக்கைக் கூட்டினால் ஜேர்சிதான் வெளுக்கும், முகம் சாம்பல் பூசினது போலாகும்.

மண்டபத்துக்குள் எடுப்பதாக இருந்தால் இப்படிச் செய். கமராவை மனுவலில் ஐ.எஸ்.ஓ. 100, ஷட்டர் 1/200, எஃப் 5.6 என்று வை. விளக்கில்லாமல் ஒரு படம் அடித்துப் பார், கிட்டத்தட்டக் கறுப்பாக வர வேண்டும். யன்னல் வெளிச்சம் படத்தில் தெரிந்தால் யன்னலை மூடு, ஐ.எஸ்.ஓ.வைத் தொடாதே. பிள்ளையைச் சுவரிலிருந்து 3 மீற்றர் தள்ளி நிறுத்து. பின்விளக்கு இரண்டையும் பிள்ளைக்குப் பின்னால் இடமும் வலமுமாக, 2 மீற்றர் தூரத்தில், தலையைவிடச் சற்று உயரத்தில் வைத்துக் காதைப் பார்த்துத் திருப்பு. உன்னிடம் இருக்கிற சின்ன பிளாஷில் சூமை 70 இல் வைத்து முழு வலுவில் 1/8 பங்கு போதும். முதலில் இடதை மட்டும் அடித்துப் பார், பிறகு வலதை மட்டும். இரண்டையும் ஒன்றாகப் போட்டுவிட்டு எது பிழை என்று தேடினால் பொழுதுதான் போகும்.

பார்க்க வேண்டிய இடம் மூக்கு நுனி. கன்னம் இருட்டாக இருக்க, மூக்கில் மட்டும் ஒரு வெள்ளைப் பொட்டு விழுந்தால் அந்தப் பக்க விளக்கு அதிகம் முன்னுக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். ஒரு அடி பின்னுக்குத் தள்ளு. படம் முழுக்கப் பால் ஊற்றினது போல் வெளுத்தால் விளக்கு நேரே லென்ஸுக்குள் பார்க்கிறது. விளக்குக்கும் கமராவுக்கும் இடையில் கறுப்பு மட்டை ஒன்றைக் கட்டி மறை. ஸ்ரிப் சொவ்ட்பொக்ஸ் (வெளிச்சத்தை ஒடுக்கமாக விடும் துணிப்பெட்டி) இல்லையே என்று கவலைப்படாதே. பிளாஷின் இரு பக்கமும் 20 சென்ரிமீற்றர் கறுப்பு மட்டை ஒட்டினால் வெளிச்சம் சிதறாது.

இதற்குப் பிறகுதான் முன்விளக்கு. சொவ்ட்பொக்ஸை ஒன்றரை மீற்றர் தூரத்தில், கண்மட்டத்துக்கு மேலே, கமராவிலிருந்து கொஞ்சம் பக்கமாக வை. வலு 1/4 இல் தொடங்கு. சொவ்ட்பொக்ஸின் துணி கனக்க வெளிச்சத்தைக் குடித்துவிடும், அதனால்தான் பின்விளக்கைவிட எண் கூடுதலாக இருக்கிறது. பிள்ளையில் விழும்போது பின்விளக்கு முன்விளக்கைவிட ஒரு ஸ்ரொப் (அதாவது இரண்டு மடங்கு வெளிச்சம்) கூடவாக இருக்க வேண்டும். தூரத்தை மாற்றினால் எல்லாம் மாறும் என்பதை மறவாதே. இரட்டிப்புத் தூரத்துக்கு நகர்த்தினால் கால்வாசி வெளிச்சம்தான் மிஞ்சும்.

வெள்ளை ஜேர்சி என்றால் சொவ்ட்பொக்ஸை நேரே மார்புக்குப் பிடிக்காமல் கொஞ்சம் மேலே நிமிர்த்து. அதன் கீழோர வெளிச்சம் மட்டும் துணியில் படும், நடு வெளிச்சம் முகத்துக்குப் போகும். சிவப்பு ஜேர்சி வேறு வகைத் தொந்தரவு. கமரா சாதாரணமாகக் காட்டும் வெளிச்ச வரைபடத்தில் (ஹிஸ்டோகிராம்) எல்லாம் சரியாகத் தெரியும், ஆனால் சிவப்பு மட்டும் நிரம்பி வழிந்து, மடிப்பும் தையலும் இல்லாத சிவப்புக் கறையாகிவிடும். மூன்று நிறத்தையும் தனித்தனியே காட்டும் வரைபடத்தைப் பார்த்து, அரை ஸ்ரொப் குறைத்து எடு. துளைத் துளையான வலைத்துணி ஜேர்சியில் வானவில் நெளிவு தெரிந்தால் அரை மீற்றர் கிட்டவோ எட்டவோ போ, இல்லாவிட்டால் பிள்ளையைச் சற்றுத் திருப்பு. பிறகு கணினியில் திருத்துவது பெரும் பாடு.

பள்ளிக்கூட ஜேர்சி எப்பவும் ஒரு அளவு பெரிதாகத்தான் இருக்கும். வளரும் பிள்ளை என்று அப்படித்தான் வாங்குவார்கள். முதுகுப்பக்கம் உடுப்புக் கொழுவும் கிளிப் நாலைந்தைப் போட்டு இழுத்துப் பிடி, ஆனால் பின்விளக்குப் படும் தோள் ஓரத்தில் கிளிப் தெரியக்கூடாது. பொலியெஸ்ரர் துணியை மெல்லிய சூட்டில், மறுபக்கமாக அயன் பண்ணச் சொல். கூடச் சூடு பட்டால் பளபளப்புத் தழும்பு விழும், பின்வெளிச்சம் அதைத்தான் முதலில் காட்டிக்கொடுக்கும். விளையாடும் இடத்தைக் காட்டும் எழுத்துப் பட்டியின் நாடாக்களை உள்ளே செருகிவிடு.

வியர்வை காட்ட வேண்டுமென்றால் பாமசியில் கிளிசரின் வாங்கித் தண்ணீரோடு சரிபாதி கலந்து தெளி. வெறும் தண்ணீர் எங்கள் வெக்கைக்கு நிமிடத்தில் காய்ந்துவிடும். சலூனில் தலைக்கு அடிக்கிற மாதிரிப் போத்தல் ஒன்று புதிதாக வாங்கு. வயலுக்கு மருந்தடித்த போத்தலையோ மெசினையோ கழுவிவிட்டுப் பாவிக்கலாம் என்று யாராவது சொன்னால் காதில் போடாதே. பிள்ளையின் முகத்துக்கு அடிக்கிற விசயம் இது. கண்ணை மூடச் சொல்லி நெற்றிக்கும் கழுத்துக்கும் மட்டும் தெளி. கையில் அடிக்காதே, பந்து வழுக்கும்.

செம்மண் புழுதி கிளப்பும் யோசனை நல்லது. ஆனால் புழுதி முன்வெளிச்சத்தில் தெரியவே தெரியாது, பின்விளக்கு இருந்தால்தான் எரிகிற மாதிரித் தெரியும். காய்ந்த மண்ணை அரித்தெடுத்து, காற்று பிள்ளையிடமிருந்து அப்பால் போகிற பக்கம் பார்த்து, பின்னால் நிற்கிற ஆள் இடுப்புக்குக் கீழே வீசட்டும். தொய்வு (ஆஸ்துமா) இருக்கிற பிள்ளைக்கு இது வேண்டாம், முன்கூட்டியே கேட்டுவிடு. சோளகக் காற்று அடிக்கிற மாதங்களில் நீ புழுதி வீசத் தேவையில்லை, அதுவே வரும். குடையும் சொவ்ட்பொக்ஸும்தான் பறக்கும். ஒவ்வொரு ஸ்ராண்டின் காலிலும் மண் நிரப்பிய உரப்பை ஒன்று இருக்கட்டும்.

இரணைமடு அணைக்கட்டில் எடுக்கலாமா என்று கேட்டிருந்தாய். தாராளமாக எடுக்கலாம், ஆனால் மாதம் பார். அணைக்கட்டு குளத்தின் வடக்கே இருப்பதால், தண்ணீர் பின்னால் தெரிய எடுத்தால் நீ தெற்கே பார்த்து நிற்பாய், பின்னேரச் சூரியன் உன் வலக்கைப் பக்கம் விழும். மார்கழியில் இருந்து மாசி வரை சூரியன் தென்மேற்கே சாய்ந்து மறைவதால் பிள்ளைக்குச் சற்றுப் பின்னாலிருந்து வரும். அது சும்மா கிடைக்கிற ஒரு பின்விளக்கு. இடப்பக்கப் பின்விளக்கும் முன்விளக்கும் மட்டும் நீ வைத்தால் போதும். ஆனி, ஆடியில் சூரியன் வடமேற்கே போய்விடும். அப்போது வெயில் பிள்ளையின் முன்கன்னத்தில் விழும், இந்த ஒழுங்கு சரிவராது. முல்லைத்தீவுக் கடற்கரை என்றால் விடியற்காலைதான். அங்கே சூரியன் கடலுக்குள்ளிருந்து வருவதால் பின்னேரம் போனால் வேலை வேறு மாதிரியாகிவிடும்.

மாலை வெயில் மஞ்சளாகவும் பிளாஷ் வெள்ளையாகவும் இருக்கும். அதை அப்படியே விட்டால் முகம் நீலம் பாய்ந்து, காய்ச்சல்காரர் போலத் தெரியும். முன்விளக்குக்குக் கால் அளவு செறிவுள்ள செம்மஞ்சள் ஜெல்லும் (விளக்கின் முன் ஒட்டும் நிறத்தாள்) பின்விளக்குக்கு அரை அளவும் போடு. பரிசுப் பொதி சுற்றுகிற கண்ணாடித்தாளைப் போடாதே, பிளாஷ் சூட்டில் உருகி ஒட்டிவிடும்.

சூரியன் மறைந்த பிறகு எங்கள் பக்கம் அந்தி நீளாது. 20 நிமிடத்துக்குள் வேலை முடிய வேண்டும். அந்த நேரம் ஒன்றை மட்டும் நினைவில் வை. வானம் ஷட்டரின் கையில், முகம் அப்பேர்ச்சரின் (எஃப் எண்ணின்) கையில். இருட்ட இருட்ட ஷட்டரை மட்டும் 1/200 இலிருந்து 1/125, 1/60 என்று இறக்கிக்கொண்டு வா, விளக்கைத் தொடாதே. 1/60 க்குக் கீழே போனால் பிள்ளை அசையும்போது ஓரத்தில் நிழலுரு பதியும். ஷட்டரை மேலே ஏற்றினாலும் பிரச்சினை. கமராவுக்குரிய எல்லையைத் தாண்டினால் படத்தின் ஒரு பக்கத்தில் கறுப்புப் பட்டை விழும். மத்தியான வெயிலில் சின்ன பிளாஷோடு மல்லுக்கட்டாதே. அது வெல்லாது.

நிற்க வைப்பதைப் பற்றி எனக்கு ஒரு பிடிவாதம் இருக்கிறது. கையைக் கட்டிக்கொண்டு முறைக்கிற படம் எல்லா ஊரிலும் எல்லா அணிக்கும் ஒன்றுதான். அந்தப் பிள்ளை எந்த இடத்தில் விளையாடுகிறதோ அந்த வேலையைச் செய்யும்போது எடு, ஆனால் வேலை முடிகிற கணத்தில் அல்ல, தொடங்குகிற கணத்தில். வளையத்துக்குள் எறிபவள் என்றால் பந்து கையை விட்டுப் போகமுன், முழங்கால் மடிந்து உடம்பு சுருங்கி இருக்கும்போது. இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. எறிய ஆயத்தமாகும்போது பந்து நெற்றிக்கு மேலே இருக்கும், உயரத்தில் இருக்கும் முன்விளக்கு அந்தப் பந்தின் நிழலை அப்படியே கண்ணில் போடும். அந்த ஒரு படத்துக்கு மட்டும் முன்விளக்கைக் கண்மட்டத்துக்கு இறக்கு, இல்லாவிட்டால் வெள்ளை ரெஜிபோம் பலகை ஒன்றை இடுப்புயரத்தில் பிடிக்கச் சொல். தொப்பி போட்ட துடுப்பாட்டப் பெடியளுக்கும், குனிந்து தொடக்கக் கோட்டில் இருக்கிற ஓட்டக்காரர்களுக்கும் இதே மருந்துதான். வெறுங்காலோடு ஓடுகிற பிள்ளைக்குப் படத்துக்காகச் சப்பாத்து இரவல் வாங்காதே. அந்தக் கால்விரல் மண்ணில் ஊன்றியிருப்பதுதான் படம்.

பிள்ளைகள் எல்லாரும் இலங்கை வலைப்பந்தாட்ட வீராங்கனை தர்ஜினி சிவலிங்கம் மாதிரி உயரமாகத் தெரிய வேண்டும் என்று கேட்பார்கள், 2018 இல் ஆசியக் கிண்ணம் வென்ற அணியில் அவர் எறிந்ததைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள். கமராவைத் தாழ்த்தினால் உயரம் கூடும் என்பது உண்மைதான், ஆனால் பாவாடை போட்ட பிள்ளைகளை இடுப்புக்குக் கீழே இருந்து எடுக்காதே. கமராவை இடுப்பு மட்டத்தில் வைத்து, கையை மேலே நீட்டச் சொன்னால் போதும். வளையம் 3.05 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அதையும் முகத்தையும் ஒன்றாகச் சேர்க்க 35 லென்ஸோடு கிட்டப் போகாதே, கை முகத்தைவிடப் பெரிதாகிவிடும். 50 ஐப் போட்டுக்கொண்டு பின்னுக்குப் போ. பொறுப்பாசிரியை ஒருவர் கடைசிவரை பக்கத்தில் இருக்க வேண்டும். பெற்றோரின் சம்மதம் எழுத்தில், அதிபர் ஊடாக வரட்டும். முழுப்பெயரோடு முகநூலில் போடுவதில்லை என்பதையும் அப்போதே பேசிவிடு.

7 பேரையும் தனித்தனியே எடுத்துப் பிறகு ஒரே படமாகச் சேர்ப்பதென்றால், கமராவின் உயரம், லென்ஸ், தூரம் மூன்றும் அசையக்கூடாது. கால் வைக்கும் இடத்தில் ஒட்டுநாடா ஒட்டு. பின்னணிக்கு எடுக்கிற குளமோ மைதானமோ அதே கமரா உயரத்தில் எடுக்கப்பட்டிருக்க வேண்டும். பிள்ளைகளை 90 சென்ரிமீற்றரில் எடுத்துவிட்டுக் குளத்தை நின்றபடி எடுத்தால் அடிவானம் பிள்ளைகளின் இடுப்பில் வராமல் தலைமட்டத்துக்குப் போகும். பார்க்கிறவருக்கு ஏனென்று சொல்லத் தெரியாது, ஆனால் பொய் என்று உடனே தெரியும்.

பனர் அடிக்கிற கடைக்குக் கொடுக்கும்போது நிழல்களைக் கொஞ்சம் தூக்கிக் கொடு. திரையில் வடிவாகத் தெரிகிற இருட்டு அந்த அச்சில் கரியாகிவிடும். ஒரு முகத்தை மட்டும் சின்னத் துண்டாக அடித்துத் தரச் சொல்லிப் பார்த்துவிட்டு மிச்சத்தை அடி.

என்னிடம் ஸ்ராண்ட் இரண்டும் செம்மஞ்சள் ஜெல்லும் சும்மா கிடக்கின்றன. எந்தக் கிழமை எடுக்கிறாய் என்று எழுது, முல்லைத்தீவு பஸ்ஸில் கொடுத்து விடுகிறேன். பிளாஷுக்கு மீள்சார்ஜ் பற்றரி இரண்டு தொகுதி நீ வைத்துக்கொள், சாதாரணப் பற்றரி போட்டால் ஒவ்வொரு அடிக்கும் இடையில் பிள்ளை கொட்டாவி விட்டுவிடும். அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்
உன் கூட்டாளி